நிற்கிறவனின் முகம்

பள்ளியில் வெள்ளிக்கிழமைகளில் எங்களுக்குப் படம் போட்டுக்காட்டிய மாஸ்டர் காலமான செய்தி வந்ததிலிருந்து பழைய மாணவர் சங்க வட்சப் குழுவில் அந்தப் படங்களின் பேச்சுத்தான். வாங்கு இழுப்பு, யன்னலுக்குக் கட்டிய சாக்கு, வீடியோ டெக் சூடாகி நின்றது எல்லாம் உங்களுக்குத் தெரிந்தவை. அவர் சொல்லித்தந்ததை எழுதிவைக்கவே இந்தப் பக்கம்.

பிள்ளையும் விசித்திரப் பிராணியும் தோழராகும் படமென்றால் அவருக்கு உயிர். கதையை விடுங்கோ, கமரா எந்த உயரத்தில் நிற்கிறதென்று பாருங்கோ என்பார். எலியட் என்ற சிறுவனும் வேற்றுக்கிரகப் பிராணியும் தோழராகும், 1982இல் வந்த ‘ஈ.டி.’யில் கமரா பெரும்பாலும் பிள்ளையின் கண்மட்டத்தில் நிற்கும். தாயைத் தவிர மற்றப் பெரியவர்களுக்கு நெடுநேரம் முகமே இல்லை. ஒருவரை இடுப்பில் தொங்கும் சாவிக்கொத்தால்தான் அடையாளம் காண்கிறோம். கமராவை இரண்டடி உயர்த்தியிருந்தால் கார்லோ ரம்பால்டி செய்த அந்தப் பிராணியின் உருவம் வெறும் பொம்மையாகியிருக்கும். பெரும்பகுதியைக் கதை நடக்கும் வரிசையிலேயே படம்பிடித்தார்கள். அதனால் பிரிவுக் காட்சி வருவதற்குள் பிள்ளைகள் அதோடு மெய்யாகவே பழகிவிட்டிருந்தார்கள்.

பிள்ளைகள் ஒரு குட்டிப் பூதத்தோடு தோழராகும் மலையாளப் படமான ‘மை டியர் குட்டிச்சாத்தான்’ (1984) இந்தியாவின் முதல் முப்பரிமாணப் படம். இரு கண்ணுக்கும் இரு பிம்பம் பிரிந்து போகவேண்டும், வெள்ளி பூசிய திரையும் அதற்கான கண்ணாடியும் இல்லாமல் டெக்கில் அது கிடைக்காது என்று முதலே சொல்லிவிட்டார். ஆனால் பிள்ளைகள் சுவரிலும் கூரையிலும் நடக்கும் பாட்டுக்கு ஒரு பாடவேளை முழுவதும் போனது. சோக்குப் பெட்டிக்குள் ஒரு போளையைப் போட்டு மெல்ல உருட்டினார். போளை எப்போதும் அடியில்தான். பெட்டியோடு சேர்த்துத் தலையையும் சரிக்கச் சொன்னார்; போளை சுவரில் ஏறியது! கமராவை அறையோடு பூட்டி, அறையைச் சுழற்றினால் அதுதான் நடக்கும். தொங்கும் விளக்கு, திரைச்சீலை, பின்னல் மூன்றும் உண்மையான கீழ்ப்பக்கம் எதுவென்று காட்டிக்கொடுக்கும். பிள்ளை காலெடுக்க ஒரு கணம் பிந்தினாலும் சறுக்கும்.

‘ஈ.டி.’யின் கடைசிக் காட்சியை மட்டும் திரும்பத் திரும்பப் போடுவார். விண்கலம் போனபின் படம் வானத்தில் முடிவதில்லை, கீழே நிற்கும் எலியட்டின் முகத்தில் முடிகிறது. அங்கே நிறுத்தினால் முகத்தின் குறுக்கே கோடு நடுங்கும். “போறதை எல்லாரும் பார்ப்பினம், நிக்கிறவனைப் பாருங்கோ” என்பார்.

அவரிடம் சொல்லிவிட்டு வெளிநாடு வந்தவர்கள் எத்தனை பேர் என்று குழுவில் ஒருவர் கேட்டிருந்தார். பார்த்துவிட்டோம் என்ற நீலக்குறி மட்டும் விழுந்திருக்கிறது.