வங்கிக் கணக்கை மாற்றினால் தவணை தானாக மாறிவிடாது

வேலை மாறினால் சம்பளக் கணக்கும் மாறும். புதிய நிறுவனம் தனக்குத் தோதான வங்கியில் கணக்கைத் திறந்து, டெபிட் கார்டையும் காசோலைப் புத்தகத்தையும் ஓர் உறையில் வைத்துக் கையில் கொடுத்துவிடுகிறது. பழைய கணக்கிலிருந்து மாதாமாதம் கழிந்துகொண்டிருந்த வீட்டுக்கடன் தவணையையும் இரண்டு கிரெடிட் கார்டு பில்களையும் புதிய கணக்குக்குக் கொண்டுவருவது நம் பாடு. ஆட்டோ டெபிட்டை முதன்முதலாக ஏற்படுத்துவது எளிது. கடன் ஒப்பந்தத்தோடு நீட்டப்படும் தாள்களில் ஒன்றாக அதுவும் கையெழுத்தாகிவிடும். ஓடிக்கொண்டிருப்பதை வேறு வங்கிக்கு மாற்றுவதுதான் என்னை இந்த மழைக்காலம் முழுவதும் செம்பூருக்கும் தானேவுக்கும் இடையே அலைய வைத்தது. அலைச்சலில் பாதி, எனக்கு முன்னெழுத்தோடு கூடிய பெயரும் தமிழில் போடும் கையெழுத்தும் இருப்பதால் வந்தது. ஆகவே மும்பையில் இருக்கும் நம்மவர்களுக்கு இது கூடுதலாகப் பயன்படலாம்.

கடன் கொடுத்தது ஒரு தனியார் வங்கி. சம்பளக் கணக்கு இருப்பது இன்னொன்றில். இப்படி வங்கி விட்டு வங்கி தவணை கழிவது பெரும்பாலும், வங்கிகளுக்கு இடையிலான பணப் பரிமாற்ற அமைப்பான என்.பி.சி.ஐ. நடத்தும் நாச் என்ற முறை வழியாகத்தான் நடக்கிறது. கணக்கிலிருந்து பணத்தைக் கழிக்க நாம் கொடுக்கும் அனுமதியை, அதாவது மேண்டேட்டை, கடன் வங்கி அனுப்பும். நம் கணக்கு இருக்கும் வங்கி அதைச் சரிபார்த்து ஏற்கும் அல்லது திருப்பி அனுப்பும். திருப்பி அனுப்புவது ஒரு வங்கி, காரணம் தெரியாமல் நம்மிடம் பேசுவது இன்னொரு வங்கி என்பதால், கஸ்டமர் கேரில் எத்தனை முறை கேட்டாலும் "உங்கள் வங்கியில் விசாரியுங்கள்" என்ற ஒரே பதிலைத்தான் இரு பக்கமும் சொல்வார்கள்.

கடன் வங்கியின் செயலியிலேயே இ-மேண்டேட் கொடுக்கலாம். நெட் பேங்கிங், டெபிட் கார்டு, ஆதார் ஓடிபி என்று மூன்று வழிகள் இருந்தன. நெட் பேங்கிங்கில் நுழைந்து ஒப்புதல் கொடுத்தேன்; திரையில் பச்சை நிறக் குறியும் வந்தது. அந்தப் பச்சைக் குறிக்கு, உங்கள் விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது என்பதற்கு மேல் பொருள் இல்லை என்பது பின்னால் வந்த குறுஞ்செய்தியில் தெரிந்தது. கணக்கில் உள்ள பெயர் பொருந்தவில்லை என்று மேண்டேட் நிராகரிக்கப்பட்டிருந்தது.

பெயர் எப்படிப் பொருந்தும்? ஆதாரில் என் பெயருக்குப் பின்னால் ஓர் எழுத்து முன்னெழுத்தாக நிற்கிறது. கடன் கணக்கு அதைப் பார்த்துத் திறக்கப்பட்டது. பான் அட்டைக்கான விண்ணப்பத்தில் முன்னெழுத்தை மட்டும் எழுத இடமில்லை, விரித்துத்தான் எழுத வேண்டும் என்பதால் அதில் அப்பாவின் பெயர் முழுவதுமாக இருக்கிறது. சம்பளக் கணக்கு அதைப் பார்த்துத் திறக்கப்பட்டது. தானேயில் உள்ள வீட்டுக்கடன் சேவை மையத்தில் இதை விளக்கியபோது எதிரே இருந்த இளைஞர் கடைசிவரை கேட்ட கேள்வி ஒன்றுதான்: "மேடம், சர்நேம் க்யா ஹை?" எங்களுக்குச் சர்நேம் கிடையாது என்பதை அவர் நான் எதையோ மறைப்பதாகவே எடுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அந்த மையத்தில் எல்லோரும் என்னை அப்பாவின் பெயரைச் சொல்லித்தான் அழைத்தார்கள். பெயர் இப்படி இரு வடிவங்களில் இருப்பவர்கள் இ-மேண்டேட்டில் நேரத்தை வீணாக்காமல், இரண்டு பெயர்களும் ஒருவருடையதே என்ற உறுதிமொழியையும் ஆதார், பான் நகல்களையும் கடன் வங்கியிடம் கொடுத்து, கடன் கணக்கில் உள்ள பெயரைப் பான் அட்டையில் உள்ளபடி திருத்தச் சொல்லிவிடுவது நல்லது. நான் கேட்டபோது அதற்குத் தனியாக நாள் ஆகும், அவசரமென்றால் காகித மேண்டேட்டே கொடுங்கள் என்றார்கள்.

காகித மேண்டேட்டுக்குக் கேன்சல் செய்த காசோலை ஒன்று வேண்டும். செம்பூரிலிருந்து குர்லா போய் ரயில் மாறித் தானேவில் இறங்கி, டோக்கன் எடுத்து உட்கார்ந்து, என் முறை வந்தபோது அந்தக் காசோலை செல்லாது என்றார்கள். புதுக் கணக்கோடு உறையில் வரும் காசோலைகளில் கணக்கு எண் இருக்கும், பெயர் அச்சிட்டிருக்காது. பெயர் அச்சிட்ட காசோலைதான் வேண்டுமாம். இது அவர்கள் இணையதளத்தில் உள்ள ஆவணப் பட்டியலில் இல்லை, தொலைபேசியில் விசாரித்தபோதும் யாரும் சொல்லவில்லை. பெயர் அச்சிட்ட புத்தகத்துக்கு நெட் பேங்கிங்கில் விண்ணப்பித்தால் வீட்டுக்கே வந்துவிடும். அதுவரை பொறுக்க முடியாதவர்கள், பெயரும் கணக்கு எண்ணும் ஐ.எஃப்.எஸ்.சி. குறியீடும் உள்ள ஸ்டேட்மென்ட்டில் கிளையின் முத்திரையும் கையெழுத்தும் வாங்கிக்கொண்டு போகலாம். என்னுடன் வரிசையில் இருந்த ஒருவருக்கு அதை ஏற்றுக்கொண்டார்கள்.

காசோலை சரியானதும் மேண்டேட் போனது, திரும்பியும் வந்தது. இம்முறை காரணம், கையெழுத்து பொருந்தவில்லை. பள்ளி நாளிலிருந்து தமிழில்தான் கையெழுத்துப் போடுகிறேன், அது மாறியதே இல்லை. எனவே சேவை மையத்தை விட்டுவிட்டுச் சம்பளக் கணக்கு இருக்கும் கிளைக்கே போனேன். அங்கிருந்த மராத்தி அம்மையார் பொறுமையாகக் கேட்டுவிட்டுத் தன் திரையை என் பக்கம் திருப்பினார். கணக்குத் திறந்த அன்று அலுவலகத்துக்கு வந்திருந்த வங்கி ஊழியர் டேப்லெட்டை நீட்டிக் கண்ணாடியின் மேல் விரலால் போடச் சொன்ன கையெழுத்து அதில் இருந்தது. கொம்பும் சுழியும் நீர்த்துப்போய், கடைசி எழுத்து சட்டத்தின் ஓரத்தில் பாதியாக வெட்டுப்பட்டிருந்தது. அதனோடு ஒப்பிட்டால் என் உண்மையான கையெழுத்து கள்ளக் கையெழுத்தாகத்தான் தெரியும்.

"ஆங்கிலத்தில் போட்டுவிடுங்களேன்" என்று பக்கத்து மேசைக்காரர் யோசனை சொன்னார். அந்த யோசனையைக் கேட்டு யாரும் மாற்றிவிட வேண்டாம். கடன் ஒப்பந்தம், பத்திரம், பான் அட்டை எல்லாவற்றிலும் இருக்கும் கையெழுத்தை ஒரு படிவத்துக்காக மாற்றினால் அடுத்த சிக்கல் அங்கிருந்து தொடங்கும். அந்த அம்மையார் கையெழுத்தைப் புதுப்பிக்கும் படிவத்தை எடுத்துத் தந்து, பேனாவால் காகிதத்தில் போட வைத்து, அது கணினியில் ஏறிய பிறகே புது மேண்டேட்டை அனுப்பச் சொல்லுங்கள் என்று தெளிவாகச் சொன்னார். இத்தனை நாளில் முழு வழியையும் சொன்னவர் அவர் ஒருவர்தான். டேப்லெட் வழியாகக் கணக்குத் திறந்தவர்கள், மேண்டேட்டுக்கு முன்பே கிளைக்குப் போய்த் தங்கள் கையெழுத்து எப்படிப் பதிவாகியிருக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

படிவத்தை நிரப்பும்போது கவனிக்க வேண்டியது தொகைக் கட்டம். தவணைத் தொகையை அப்படியே எழுதாமல், அதிகபட்சத் தொகை என்று கூடுதலாக எழுதச் சொல்வார்கள். மாறும் வட்டிக் கடனுக்கு அது நியாயமே. ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் வட்டியான ரெப்போ விகிதம் 2022 மே மாதத் தொடக்கத்தில் 4 சதவீதமாக இருந்து 2023 பிப்ரவரிக்குள் 6.5 சதவீதமாக ஏறியதை வீட்டுக்கடன்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஆனால் எவ்வளவு என்பதை நாமே எழுத வேண்டும்; வெற்றிடமாக விட்டுக் கையெழுத்திட்டால் மையத்தில் உள்ளவர் தவணையைப் போல் இரு மடங்கோ மூன்று மடங்கோ நிரப்பிக்கொள்வார். அடித்தல் திருத்தல் இருந்தாலும் திரும்பி வந்துவிடும் என்பதால் இரண்டு வெற்றுப் படிவங்களை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மேண்டேட் ஏற்கப்பட்டது என்று செய்தி வந்த மாதத்தில்தான் பெரிய குளறுபடி நடந்தது. "அடுத்த தவணை புதுக் கணக்கில்தான் கழியும், பழையதை நிறுத்திவிட்டோம்" என்று சேவை மையத்தில் உறுதியாகச் சொன்னார்கள். வாய்ச்சொல்லை நம்பாமல் பழைய கணக்கிலும் ஒரு தவணைப் பணத்தை வைத்திருந்தேன். தவணை நாளன்று காலை இரு வங்கிகளிலிருந்தும் ஒரே நேரத்தில் குறுஞ்செய்தி வந்தது. தவணை இரண்டு கணக்கிலும் கழிந்திருந்தது. பழைய மேண்டேட் அவர்கள் கணினியில் உயிரோடுதான் இருந்திருக்கிறது.

கூடுதலாகப் போன பணம் அடுத்த மாதத் தவணையில் சரிக்கட்டப்படும் என்றார்கள். அடுத்த மாதமும் தவணை வழக்கம்போல் கழிந்தது. பணம் எங்கே என்றால், கடன் கணக்கில் தனியே நிற்கிறதாம். அசலில் சேராததால் வட்டியும் குறையவில்லை, என் கையிலும் இல்லை. அதன் பிறகு தொலைபேசியை விட்டுவிட்டு எழுத்தில் இறங்கினேன். இரண்டு ஸ்டேட்மென்ட்டுகளையும் இணைத்து, ஒவ்வொரு மேண்டேட்டுக்கும் தரப்படும் அடையாள எண்ணான யு.எம்.ஆர்.என்.னை இரண்டுக்கும் குறிப்பிட்டு, வங்கியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். 30 நாட்களுக்குள் பதில் வராவிட்டால் வங்கிகள் மீதான புகார்களை விசாரிக்கும் ரிசர்வ் வங்கியின் ஒம்பட்ஸ்மனிடம் முறையிடுவேன் என்ற வரியையும் சேர்த்தேன். அதுவரை எந்தத் தேதியும் சொல்ல முடியாதவர்கள், அந்த மின்னஞ்சலுக்குப் பின் தாங்களாகவே தொலைபேசியில் அழைத்து, பணத்தைத் திருப்பித் தந்தார்கள். சேவை மையத்தில் கெஞ்சிய எந்த நாளிலும் கிடைக்காத மரியாதை அந்த ஒரு வரிக்குக் கிடைத்ததை நினைத்தால் இன்னும் சற்று எரிச்சலாகத்தான் இருக்கிறது. கடன் கொடுத்தது வங்கியாக இல்லாமல் வீட்டுவசதி நிதி நிறுவனமாக இருந்தால் முறையீடு தேசிய வீட்டுவசதி வங்கிக்குப் போக வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

எனக்கு இரட்டைக் கழிப்போடு போயிற்று. எங்கள் கட்டடத்தில் உள்ள ஒருவருக்குத் தவணையே பவுன்ஸ் ஆனது. தவணை நாள் ஞாயிற்றுக்கிழமை, திங்களன்று பணம் போட்டால் போதும் என்று இருந்துவிட்டார். அதெல்லாம் பழைய கதை. 2021 ஆகஸ்ட் 1 முதல் நாச் எல்லா நாட்களிலும் இயங்குகிறது, ஞாயிறும் பண்டிகையும் அதற்குக் கிடையாது. பணம் இல்லாமல் திரும்பினால் கடன் கொடுத்தவர் ஒரு கட்டணம், கணக்கு இருக்கும் வங்கி ஒரு கட்டணம் என்று இரண்டு பக்கமும் போடுவார்கள். அதே மாதம் மறுபடி கேட்டு அதுவும் திரும்பினால் மறுபடியும் போடுவார்கள். ஆட்டோ டெபிட் திரும்புவதை விளையாட்டாக நினைப்பவர்கள், 2007ஆம் ஆண்டின் பணம் செலுத்துதல் மற்றும் தீர்வு முறைகள் சட்டத்தின் 25ஆவது பிரிவு, பணமில்லாமல் திரும்பும் மின்னணுக் கழிப்பையும் செக் பவுன்ஸ் போலவே தண்டனைக்குரிய குற்றமாக வைத்திருப்பதை அறிந்துகொள்ளுங்கள். தாமதத்துக்கு அபராத வட்டி என்று வட்டி விகிதத்தையே கூட்டிப் போட்டிருந்தால் அதையும் கேள்வி கேளுங்கள். 2024 முதல் நடைமுறைக்கு வந்த ரிசர்வ் வங்கியின் விதிப்படி அபராதம் தனிக் கட்டணமாக மட்டுமே இருக்கலாம். அதை அசலில் ஏற்றி அதற்கும் வட்டி போடக் கூடாது.

புதுக் கணக்கில் ஒரு தவணை ஒழுங்காகக் கழிந்து, பழைய மேண்டேட் ரத்தானதைக் கடன் வங்கி எழுத்தில் சொன்ன பிறகே பழைய கணக்கைத் தொட வேண்டும். பல வங்கிகளின் நெட் பேங்கிங்கில் நம் கணக்கின் மேல் உயிரோடு இருக்கும் மேண்டேட்டுகளின் பட்டியல் இருக்கிறது. நான் அதைத் திறந்து பார்த்தபோது, எப்போதோ முடிந்துபோன ஒரு தனிநபர் கடனின் மேண்டேட்டும் அதில் இருந்தது. அதையும் சேர்த்து ரத்து செய்தேன்.

கிரெடிட் கார்டுகளில் ஒன்று ஐந்து நிமிடத்தில் முடிந்தது, காரணம் அது புதுச் சம்பள வங்கியின் கார்டே. ஆனால் ஆட்டோ பே பக்கத்தைத் திறந்ததும் "குறைந்தபட்சத் தொகை" என்பதே முன்கூட்டித் தேர்வாகி நின்றது. அப்படியே விட்டால் மீதத்துக்கு வட்டி ஓடும். மாதம் மூன்றரை சதவீதம் என்றால் ஆண்டுக்கு 42 ஆகிறது. போதாக்குறைக்குப் புதிதாக வாங்கும் பொருளுக்கும் வட்டியில்லாக் காலம் போய்விடும். மொத்தத் தொகை என்று மாற்றிவிட்டு, அது மாறியதா என்று மறுபடி திறந்து பாருங்கள்.

இன்னொரு கார்டு வேறு வங்கியுடையது. அதற்கு மீண்டும் நாச் மேண்டேட், மீண்டும் காத்திருப்பு. ஆட்டோ பே பதிவான பின்னும் அடுத்த ஸ்டேட்மென்ட்டிலிருந்துதான் அது வேலை செய்யத் தொடங்கும். இடைப்பட்ட பில்லை நாமே கட்ட வேண்டும். தவறினாலும் உடனே பதற வேண்டியதில்லை, கெடு நாளைத் தாண்டி மூன்று நாட்களுக்கு மேல் நிலுவையாக இருந்தால்தான் தாமதக் கட்டணம் போடலாம், கடன் தகவல் நிறுவனங்களுக்கும் தெரிவிக்கலாம் என்று ரிசர்வ் வங்கியின் 2022ஆம் ஆண்டு விதி சொல்கிறது. மேண்டேட் அலைச்சல் வேண்டாம் என்பவர்கள் யூபிஐ ஆட்டோ பே வழியைப் பார்க்கலாம். கார்டு பில்லுக்கு 1 லட்சம் ரூபாய் வரை ஒவ்வொரு முறையும் பின் (PIN) எண் போடாமலே கழிய 2023 டிசம்பரில் அனுமதி வந்துவிட்டது, கழிப்பதற்கு 24 மணி நேரம் முன்னதாக அறிவிப்பும் வந்தாக வேண்டும். நான் நாச் வழியிலேயே போய், மேண்டேட்டின் அதிகபட்சத் தொகையைக் கார்டின் வரம்புக்குச் சமமாக எழுதினேன். வழக்கமான பில்லைப் பார்த்து அதைக் குறைவாக எழுதினால், ஊருக்கு விமான டிக்கெட் எடுக்கும் தீபாவளி மாதத்தில் பில் அந்தத் தொகையைத் தாண்டிவிடும், கழிப்பு அப்படியே திரும்பிவிடும்.