கால் கிலோ எமல்ஷனும் 18 ரூபாயும்

"அது சென்ட்ரல் பணம்ணே. இந்த ரோட்டுக்கு வராது."

சாலைப் பொறியாளனான நான் இப்படிச் சொன்னது சரிதான் என்று இன்றைக்கும் என்னால் வாதாட முடியும். 2021 ஐப்பசி. பெட்ரோல் நூறைத் தாண்டி நின்ற நேரம். குழி அடைக்கும் பேட்ச் ஒர்க் நடந்த இடத்தில் மொபெட்டை ஸ்டாண்டு போட்டுவிட்டு ஒருவர் கேட்டார்: "லிட்டருக்கு பதினெட்டு ரூவா ரோட்டுக்குன்னே பிடிக்கிறாங்களாமே சார். அது இந்தக் குழிக்கு வந்து சேர எத்தனை நாளாகும்?"

'வரி வரின்னு உறிஞ்சுறாங்க' என்று பொதுவாகத் திட்டியிருந்தால் சிரித்துவிட்டு நகர்ந்திருப்பேன். பதினெட்டு என்று எண்ணோடு கேட்டார். எண் சரி. அப்போது பெட்ரோல் மீதான மத்தியக் கலால் மொத்தம் 32.90 ரூபாய். அடிப்படைக் கலால் 1.40, சிறப்புக் கூடுதல் கலால் 11, விவசாய உள்கட்டமைப்பு செஸ் 2.50, மீதி 18 ரூபாய் 'சாலை மற்றும் உள்கட்டமைப்பு செஸ்'. செஸ் என்றால் ஒரு குறிப்பிட்ட செலவுக்கென்றே பிடிக்கும் வரி.

இந்த செஸ் 1998இல் பெட்ரோலுக்கு ஒரு ரூபாயாகத் தொடங்கியது. அடுத்த வருஷம் டீசலுக்கும் வந்தது. 2018 பட்ஜெட்டில் 8, 2019இல் 9, 2020 மார்ச்சில் 10. அதே வருஷம் மே மாதம் ஒரே ராத்திரியில் 18. அந்த ராத்திரி யாரும் சத்தம் போடவில்லை, காரணம் மத்திய வரி உயர்வால் பங்க் விலை ஏறவில்லை. கச்சா எண்ணெய் சரிந்து கிடந்தது, அந்தச் சரிவில் கிடைத்த லாபத்தை வரி எடுத்துக்கொண்டது. கச்சா மறுபடி ஏறியபோது வரி இறங்கவில்லை. கோபம் அப்போதுதான் வந்தது. ஏற்றிய நாளும் எதிர்ப்பு வந்த நாளும் இப்படி ஒரு வருஷம் தள்ளி நின்றதால், அந்தப் பணம் எதற்காக என்று மக்களிடம் விளக்கவேண்டிய அவசியம் யாருக்கும் வரவே இல்லை.

'வராது' என்று நான் சொன்னது எவ்வளவு உண்மை? இதைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். 2000ஆம் ஆண்டு மத்திய சாலை நிதிச் சட்டத்தின் முதல் வடிவில் டீசல் செஸ்ஸில் பாதி கிராமச் சாலைகளுக்கு. மீதியும் பெட்ரோல் செஸ்ஸும் சேர்த்து 57.5 சதவீதம் தேசிய நெடுஞ்சாலைக்கு, 12.5 ரயில்வே மேம்பாலம், கீழ்ப்பாலங்களுக்கு, 30 மாநிலச் சாலைகளுக்கு. ஆக மாநிலத்துக்கு வரவே வராது என்பது பொய். வரும், ஆனால் அகலப்படுத்தல், வலுப்படுத்தல் என்று தனித்தனிப் பணியாக ஒப்புதல் வாங்கி வரும். மாவட்ட இதர சாலை என்கிற இது போன்ற சிறு ரோட்டில் ஒரு குழியை அடைக்க அதில் செலவுத் தலைப்பு கிடையாது. அது மாநில பட்ஜெட்டின் பராமரிப்பு ஒதுக்கீடு. 2018க்குப் பிறகு சட்டத்தின் பெயரிலேயே 'உள்கட்டமைப்பு' சேர்ந்துவிட்டது. ரயில், குடிநீர், பள்ளி, மருத்துவமனை என்று பட்டியல் நீண்டது. சாலைக்கென்று பிடித்த பணம் எல்லாவற்றுக்குமான பணமாகிவிட்டது. இதையெல்லாம் ரோட்டோரத்தில் நின்று சொல்ல முடியுமா? 'சென்ட்ரல் பணம்' என்று சுருக்கினேன். சுருக்கியதில் தப்பில்லை என்றே நினைக்கிறேன்.

இப்படிப் பணிக்கென்று வருவது தவிர, மாநிலங்களோடான பொது வரிப் பகிர்வில் செஸ் சேராது. பங்கு வைப்பது அடிப்படைக் கலாலை மட்டும்தான். அந்த 1.40 ரூபாயில் எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து 41 சதவீதம், 57 பைசா. அதில் தமிழ்நாட்டின் பங்கு அப்போது 4.079 சதவீதம். லிட்டருக்கு ஏறத்தாழ 2.3 பைசா தேறியது. மாநிலம் தனியாக வாட் என்ற விற்பனை வரி வாங்குகிறது, அதையும் மறைக்கக் கூடாது. ஆனால் அதுவும் பொதுக் கஜானாவுக்குப் போகிறதே தவிர ரோட்டுக்கென்று பெயர் எழுதி வருவதில்லை.

அவர் திருப்பிச் சொன்னது இது: "அப்ப இனிமே சென்ட்ரல் ரோட்டுலயே ஓட்டிக்கிறேன்."

ஆட்கள் சிரித்தார்கள். வேடிக்கை என்னவென்றால், தேசிய நெடுஞ்சாலையில் இருசக்கர வண்டிக்குச் சுங்கம் கிடையாது. பாஸ்டேக் ஒட்டிய கார்க்காரர் செஸ்ஸும் கட்டி டோலும் கட்டுகிறார். மொபெட்காரர் செஸ் மட்டும் கட்டிவிட்டு அங்கே ஓசியில் போகலாம். அவருடைய வீடுதான் அந்த ரோட்டில் இல்லை.

எரிபொருள் மீது சாலை வரி வேண்டும் என்ற கட்சிக்காரன்தான் நான். டிப்ளமோ பாடத்திலேயே படித்தது: 1927இல் ஜெயகர் கமிட்டி, அதன் பரிந்துரைப்படி 1929இல் கேலனுக்கு இரண்டணா கூடுதல் வரி, அதிலிருந்து மத்திய சாலை நிதி. ஓட்டுகிறவன் ஓட்டிய அளவுக்குக் கட்டுகிறான். சாவடி வேண்டாம், ரசீது வேண்டாம். இதைவிட மலிவாக வசூலிக்கும் வழி எனக்குத் தெரிந்து இல்லை.

ஆனால் 'அளவுக்குக் கட்டுகிறான்' என்பது எந்த அளவு? சாலை கெடுவது அச்சுச் சுமையின் நாலாம் அடுக்குக்கு ஏற்ப, அதாவது சுமை இரட்டித்தால் சேதம் பதினாறு மடங்கு என்பது எங்கள் தொழிலின் பழைய கணக்கு. ஒப்பிடுவதற்கென்று வைத்திருக்கும் நியம அச்சு 8,160 கிலோ. ஆளோடு சேர்த்து மொபெட்டின் பின்னச்சில் 100 கிலோ என்று தாராளமாகவே வைப்போம். நியம அச்சு ஒருமுறை உருண்டால் ஆகும் சேதத்துக்கு மொபெட் நாலு கோடியே நாற்பது லட்சம் முறை போகவேண்டும். லிட்டருக்கு 50 கிலோமீட்டர் தரும் மொபெட் கிலோமீட்டருக்கு 36 பைசா செஸ் கட்டியது. 4 கிலோமீட்டர் தரும் லாரி நாலரை ரூபாய். பன்னிரண்டரை மடங்கு கட்டிவிட்டுக் கோடி மடங்கு கெடுக்கிறது. 2018இல் நாலு சக்கர ஒற்றை அச்சின் சட்டப்படியான சுமையை 10.2 டன்னிலிருந்து 11.5 ஆக்கினார்கள். கேட்க 13 சதவீதம்தான், நாலாம் அடுக்கில் போட்டால் சேதம் 62 சதவீதம் கூடுதல். நாட்டில் விற்கும் பெட்ரோலில் பாதிக்கு மேல் குடிப்பது இருசக்கர வண்டிகள். தாங்கள் கெடுக்காத ரோட்டுக்குத் தாங்கள் கட்டுகிறோம் என்று அவர்கள் எதிர்த்தால், பொறியாளனாக என்னிடம் மறுப்பு இல்லை. லாரிக்காரர் கட்டுவது கடைசியில் அரிசி விலையில் வந்து அதே மொபெட்காரரிடம் இறங்கும் என்பது இன்னொரு கணக்கு. அதைத் தொட்டால் முடியாது.

சரி, குழிக்கு வருகிறேன்.

அவர் பேசிக்கொண்டே செருப்பு நுனியால் முந்தின நாள் போட்ட பேட்சின் ஓரத்தை நெம்பினார். கையளவு ஜல்லிக் கட்டி வில்லையாகப் பெயர்ந்து வந்தது. மேலே தார் பளபளத்தது. அடியில் கறுப்பு இல்லை, செம்மண் தூசி அப்பியிருந்தது.

பேட்ச் போடும் முறை தெரியாத ரகசியம் அல்ல. குழியைச் சுற்றி நல்ல தளம் வரும்வரை சதுரமாக வெட்டவேண்டும், ஓரம் செங்குத்தாக நிற்கவேண்டும். தண்ணீரை எடுத்து, துடைப்பம் போட்டு, தூசி போகக் கூட்டவேண்டும். அடியிலும் பக்கச் சுவரிலும் டேக் கோட் என்ற ஒட்டுப் பூச்சு, சதுர மீட்டருக்கு 200 முதல் 300 கிராம் எமல்ஷன், அதாவது தண்ணீரில் கலந்த தார். அது பழுப்பிலிருந்து கறுப்பாக மாறும்வரை காத்திருக்கவேண்டும். பிறகு கலவையைக் கொட்டி, ஓரத்திலிருந்து நடுவை நோக்கி இறுக்கவேண்டும். ஒரு மீட்டருக்கு எண்பது சென்டிமீட்டர், 75 மில்லிமீட்டர் ஆழம் என்றால் பிடிப்பது 138 கிலோ கலவை. அதில் தார் ஏழு கிலோ. டேக் கோட் கால் கிலோ.

எங்கே தவறுகிறது என்றால் டிப்பரில். பத்து டன் ஹாட் மிக்ஸ், அதாவது சூடான தார்க் கலவை, எழுபது குழிக்கு வரும். பிளான்டில் 150 டிகிரிக்கு மேல் ஏற்றினாலும் விரிக்கும்போது 140க்குக் குறையக் கூடாது, சூடு 90க்குக் கீழே இறங்குமுன் ரோலர் ஓட்டி முடிக்கவேண்டும். தார்ப்பாய் போட்டாலும் சூடு இறங்கிக்கொண்டே இருக்கும். மழை இடைவெளியில் ஒரு பகல் கிடைத்தால், இருபதாவது குழிக்குப் பிறகு வெட்டுவது நின்றுபோகும். முப்பதுக்குப் பிறகு கூட்டுவது. எமல்ஷன் பழுப்பிலேயே இருக்கும்போது கலவை விழும். கடைசியில் எமல்ஷனே விழாது. முதல் மழையில் தண்ணீர் ஓரத்தில் இறங்கும், மேலே பஸ் போகும், வில்லை கழன்றுவிடும்.

ஆக அந்தக் குழியில் பணம் இல்லாமல் இல்லை. கலவைக்குப் பணம் வந்தது, எமல்ஷன் எஸ்டிமேட்டில் இருந்தது, செய்த வேலையை அளந்து எழுதும் எம்-புக்கிலும் ஏறியது. இல்லாதது கால் கிலோவும் பத்து நிமிஷமும். அவர் காலடியில் வில்லை கிடக்கும்போது நான் பேசியது மத்திய மாநில நிதிப் பகிர்வு. அது உண்மை என்பதால் பேசினேனா, வசதி என்பதால் பேசினேனா? ஒரு நாள் ஒன்று தோன்றும், மறுநாள் மற்றது.

ஒன்றை மட்டும் கவனித்தேன். அந்தத் தீபாவளிக்கு செஸ் பெட்ரோலில் 13, டீசலில் 8 ஆனது. 2022 மே மாதம் 5, 2. பதினெட்டாக ஏறியபோது எங்கள் பிரிவின் குழி அடைக்கும் ஒதுக்கீடு ஏறவில்லை, ஐந்தாக இறங்கியபோது இறங்கவும் இல்லை. என் பதில் சரி என்பதற்கு இதுவே அத்தாட்சி. சாலைக்காக வரியை ஏற்றவேண்டும் என்று நான் இனி யாரிடமும் வாய் திறக்க முடியாது என்பதற்கும் இதுவேதான். இருந்தும் ஏற்றத்தான் வேண்டும் என்று நினைக்கிறேன், லாரியின் அச்சுக்கு ஏற்ப, எந்த ரோட்டுக்கு எவ்வளவு என்று பலகை வைத்து.

அந்த ரோட்டுக்குப் பிறகு மேல் தளமே போட்டாகிவிட்டது, மாநில நிதியில். வில்லை எதுவும் மிச்சமில்லை.

பேட்சை நெம்பிப் பார்க்கிறவர்கள் பொதுவாக நடுவில்தான் மிதிப்பார்கள். நடு எப்போதும் கெட்டியாக இருக்கும். ஓரத்தில், அதுவும் வண்டி வந்து ஏறும் பக்கத்து ஓரத்தில் கால் வைக்கத் தார் வேலை பார்த்தவருக்குத்தான் தெரியும். அவர் பார்த்தவரா என்று நான் கேட்கவில்லை.