கோபுரத்து விளக்கு

மருத்துவமனையில் இரவுப் பணி முடித்துவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்கியிருக்க வேண்டும். நேராக லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்துக்குப் போனேன். அங்கே அச்சுப்படங்களுக்கென்று ஒரு படிப்பறை இருக்கிறது. முன்பதிவு செய்துகொண்டு போனால் கேட்ட படத்தை மேசைக்கே கொண்டுவந்து தருவார்கள். நான் கேட்டிருந்தது ஆங்கில ஓவியர் சாமுவேல் பால்மரின் ‘லோன்லி டவர்’, அதாவது தனிமைக் கோபுரம். 1879-இல் செய்த எச்சிங், அதாவது தகட்டை அமிலத்தால் அரித்து அச்சிடும் படம். அப்போது அவருக்கு 74 வயது.

இவ்வளவு சின்னதா என்றுதான் முதலில் தோன்றியது. விரித்த இரண்டு உள்ளங்கைகளுக்குள் அடங்கிவிடும். அதற்குள் ஒரு முழு இரவு இருக்கிறது. குன்றின்மேல் கோபுரம், அதில் விளக்கெரியும் ஒரு ஜன்னல். தொடுவானத்தை ஒட்டிப் பிறை நிலா. வீடு திரும்பும் மாட்டு வண்டி, பள்ளத்தின்மேல் பறக்கும் ஆந்தை, தொலைவில் ஒரு மேட்டில் பழங்காலத்து நடுகற்கள்.

பூதக்கண்ணாடியை வைத்து அந்த ஜன்னலைப் பார்த்தேன். அங்கே ஒன்றுமே இல்லை! வெறும் காகிதம். எச்சிங்கில் வெளிச்சத்துக்குத் தனியாக மை கிடையாது. செப்புத் தகட்டில் மெழுகு பூசி, ஊசியால் கீறி, அமிலத்தில் இறக்குவார்கள். கீறிய இடத்தை மட்டும் அமிலம் அரிக்கும், அந்தப் பள்ளத்தில்தான் மை தங்கும். அதிக நேரம் அரித்த கோடு அதிகக் கறுப்பு. போதும் என்று படுகிற இடத்தை வார்னிஷ் பூசி மூடிவிட்டு, மிச்சத்தை மறுபடி அமிலத்தில் விடுவார்கள். ஆக, அந்த விளக்கு பால்மர் கை வைக்காமல் விட்ட இடம். சுற்றிலும் இருட்டைக் கோடு கோடாக நெய்து அதை எரியவைத்திருக்கிறார். இருட்டிலும் முழு இருட்டு கிடையாது. கோடுகளுக்கு நடுவே ஊசிமுனை அளவுக்குக் காகிதம் எட்டிப் பார்க்கிறது. அந்தப் புள்ளிகளை ஒளிவிடும் குட்டிக் கண்கள் என்று அவரே ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். கண்ணாடியை நகர்த்த நகர்த்த அவை என்னைப் பார்ப்பது போலவே இருந்தது.

படத்துக்கு மூலம் மில்டனின் கவிதை. நள்ளிரவில் உயரமான கோபுரத்தில் என் விளக்கு எரியட்டும், பெருங்கரடி விண்மீன் கூட்டத்தையும் தாண்டி நான் விழித்திருக்கிறேன் என்று அதில் வரும். பெருங்கரடியின் ஏழு விண்மீன்களைத்தான் நாம் சப்தரிஷி மண்டலம் என்கிறோம். இங்கிலாந்து வானத்தில் அது மறைவதே இல்லை. அதைத் தாண்டி விழித்திருப்பதென்றால் விடியும்வரை என்று அர்த்தம். பால்மர் அதையும் வானத்தில் வைத்திருக்கிறார். இரவு வேலை பார்க்கிற எனக்கு அந்த வரி எப்படி இருந்திருக்கும், சொல்லுங்கள்.

கோபுரம் தென் இங்கிலாந்தின் சர்ரேயில் உள்ள லீத் ஹில் கோபுரத்தை ஒத்தது என்பார்கள். அந்தப் பக்கத்தில்தான் 1861-இல் அவருடைய மூத்த மகன் 19 வயதில் இறந்தான். இது தெரிந்த பிறகு அந்த ஜன்னலை லேசாகப் பார்க்க முடியவில்லை.

ஆனாலும் என் கண் திரும்பத் திரும்பப் போனது படத்தில் இருக்கும் இரண்டு மேய்ப்பர்களிடம்தான். மந்தைக்குக் காவலாக இருக்கிறார்கள். மேலே எரிகிற விளக்கைப் பற்றித்தான் பேசிக்கொள்கிறார்கள் என்று பால்மரே குறித்திருக்கிறார். இது பாலைவனத்துத் தனிமை அல்ல என்றும் எழுதியிருக்கிறார். கோபுரத்தில் இருப்பவருக்கு இவர்கள் இருப்பதே தெரியாது. இவர்களோ அவரைப் பற்றிப் பேசிக்கொண்டே இரவைக் கழிக்கிறார்கள்.

அப்புறம் ரயிலில் திரும்பும்போது, எங்கள் வார்டு ஜன்னல் வெளியிலிருந்து பார்த்தால் எப்படித் தெரியும் என்று யோசித்துக்கொண்டே வந்தேன்.