அளவு எடுத்த பிறகுதான் தனி வீடு

குடியாத்தம் பக்கத்தில் புளி உலுக்க ஏறி, கிளை முறிந்து விழுந்ததில் என் கழுத்தெலும்பு உடைந்து, அதற்குள் போகும் தண்டுவடம் அடிபட்டது. தோள் வேலை செய்யும், முழங்கையை மடக்குவேன், மணிக்கட்டை மேலே தூக்குவேன். விரல்கள் அசையாது, நெஞ்சுக்குக் கீழே உணர்வு இல்லை. இரண்டு வருடமாக வேலூர் தொரப்பாடியில் வாடகை வீட்டில் தனியாக இருக்கிறேன். காலையில் ஓர் அக்கா வந்து குளிப்பாட்டி நாற்காலியில் உட்கார வைத்துவிட்டுப் போவார். மற்ற நேரமெல்லாம் என் பாடு.

முதலில் கிடைத்தது ஒரு முகாமில் கொடுத்த சக்கர நாற்காலி. என் இடுப்பின் அகலம் 15 அங்குலம், அதன் இருக்கையின் அகலம் 20 அங்குலம். யாரும் அளக்கவில்லை, எனக்கும் கேட்கத் தெரியவில்லை. உடம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்து, பாரம் முழுக்க ஒரே எலும்பில் இறங்கி, அங்கே படுக்கைப்புண் வந்துவிட்டது. வலி தெரியாததால் துணியில் ஈரம் பட்ட பிறகுதான் தெரிந்தது. மூன்று மாதம் குப்புறப் படுத்தே கிடந்தேன். இலவசமாகத் தருகிறார்கள் என்று யாராவது சொன்னால், அளந்து தருகிறார்களா என்று முதலில் கேளுங்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் பாகாயம் மறுவாழ்வு மையத்துக்கு வந்த பிறகுதான் எனக்கு எல்லாம் புரிந்தது. 1954-ல் கார் விபத்தில் கால்கள் செயலிழந்து, சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தவர் டாக்டர் மேரி வர்கீஸ். அவர் முயற்சியில் 1966-ல் தொடங்கிய இடம் அது. என் விரல்களை வீட்டில் எல்லோரும் தினமும் நன்றாக நீட்டி நீவிவிட்டுக்கொண்டிருந்தார்கள். அங்கே இருந்த பயிற்சியாளர், "மணிக்கட்டைத் தூக்கிக்கிட்டு விரலையும் நீட்டாதீங்க, அந்த இறுக்கம்தான் உங்க பிடி" என்றார். மணிக்கட்டைத் தூக்கினால் தசைநாண் இழுபட்டு, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தானாக ஒட்டுகின்றன. அந்த இடுக்கில்தான் இன்று மாத்திரை அட்டையை எடுக்கிறேன், சாவியைப் பிடிக்கிறேன். சாப்பிட, உள்ளங்கையில் கட்டும் ஒரு தோல் பட்டை. அதில் சின்னப் பை இருக்கும், ஸ்பூனைச் செருகிக்கொள்ளலாம். ஸ்பூனுக்குப் பதில் ரப்பர் முனை வைத்த குச்சியைச் செருகினால் போனைத் தட்டலாம். நீளமாக எழுத வேண்டியதை வாயால் சொல்வேன், போன் தமிழிலேயே எழுதிக்கொள்ளும்.

வீடு தேடினதுதான் பெரும்பாடு. நாற்காலியைப் பார்த்ததுமே பல வீடுகள் "ஆள் வந்துடுச்சு" ஆகிவிடும். கடைசியில் ஓர் அம்மா உள்ளே கூப்பிட்டுத் தண்ணீர் கொடுத்தார். ஓர் அங்குல உயரத்துக்கு ஓர் அடி நீளம் சாய்தளம் வேண்டும். அவர் வாசற்படி 14 அங்குலம். 14 அடியை நேராக விட்டால் தெருவுக்குப் போய்விடும் என்று சுவரோரமாக வளைத்துப் போடக் கேட்டேன். "போட்டுக்கோ தம்பி, எனக்கும் முட்டி வலி, நானும் அதுலயே ஏறிக்கிறேன்" என்றார். குளியலறைக் கதவைக் கழற்றித் திரை போட்டோம், நாற்காலி நுழைகிறது.

வேலூர் வெயில் எனக்கு ஆபத்து. அடிபட்ட இடத்துக்குக் கீழே வியர்க்காது, சூடு உடம்பிலேயே தங்கிவிடும். சித்திரை, வைகாசியில் கழுத்தில் ஈரத்துண்டு, மடியில் தண்ணீர் தெளிக்கும் பாட்டில். பகலில் வெளியே போவதில்லை.

தனியாகப் படுத்த நான்காவது ராத்திரி, தலை பிளந்துவிடும் போல வலி. முகமெல்லாம் வியர்வை, அடிபட்ட இடத்துக்கு மேலே மட்டும் சிவந்து கொதித்தது. சிறுநீர் தேங்கினால் ரத்த அழுத்தம் இப்படி எகிறும், விட்டால் உயிருக்கே ஆபத்து என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். முதலில் எழுந்து உட்கார வேண்டும். கட்டில் காலில் கட்டிய கயிற்று வளையங்களில் முழங்கையை மாட்டி மாட்டி இழுத்து உட்கார்ந்தேன். போனைக் கூப்பிட்டு, ஊரில் இருக்கும் என் அம்மாவுக்குப் போடச் சொன்னேன். அவர் எடுப்பதற்குள், தொடைக்கு அடியில், பைக்குச் சிறுநீர் போகும் குழாய் மடங்கிக் கிடந்ததைப் பார்த்துவிட்டேன். மணிக்கட்டால் தள்ளி நேராக்கினேன். பை நிறைய நிறைய, வலி இறங்கியது.

"என்னடா, இந்நேரத்துல?" என்றார் அம்மா. சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "குழாயத் தொடைக்கு மேல விட்டு, துணி நாடாவால கட்டிக்கோ" என்றார். இன்றுவரை அப்படித்தான் கட்டுகிறேன். படுக்கும் முன் இரண்டு தடவை பார்த்துவிடுகிறேன்.