இடது காலுக்கு ஒரு பந்து

ஜூன் 3, 2024, திங்கள்

எக்ஸ்ரேயில் கோடு தெளிவாகத் தெரிந்தது. வலது கால், முழங்காலுக்குக் கீழே. நேற்று மாலை மகள் சைக்கிளிலிருந்து விழுந்தாள். இன்று காலை தொடை வரைக்கும் மாவுக்கட்டு. ஆறு வாரம் கால் ஊன்றக் கூடாது என்றார் டாக்டர். எலும்பு விலகவில்லை, சின்னப் பிள்ளை, சீக்கிரம் கூடிவிடும் என்றும் சொன்னார். அவள் காதில் முதல் பாதிதான் விழுந்தது. பத்து வயது. பள்ளி அணியில் முன்வரிசையில் ஆடுகிறாள். வீடு வரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை.

படுக்கும்போதுதான் கேட்டாள்: “அப்பா, வலது கால் இல்லாம நான் எப்படி கோல் போடறது?”

எனக்குப் பதில் உடனே வந்தது. பதினாறு வருடமாக நான் விரும்பிப் பார்த்த ஆட்டக்காரர் ஒருவரின் கதையே இந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது. நாளைக்குச் சொல்கிறேன் என்று விளக்கை அணைத்தேன்.

ஜூன் 4, செவ்வாய்

டேவிட் வில்லா. பிறந்தது 1981 டிசம்பர் 3. ஊர், வட ஸ்பெயினில் அஸ்தூரியாஸ் பகுதியில் லாங்ரேயோவைச் சேர்ந்த துயில்லா. மலைக்குள் நிலக்கரி தோண்டிப் பிழைத்த சீமை அது. அப்பாவும் சுரங்கத் தொழிலாளி. நான்கு வயதில் சிறுவனுக்கு வலது தொடை எலும்பு முறிந்தது. கட்டோடு கிடந்த மகனுக்கு அப்பா பந்தைத் தூக்கிப் போட்டுக்கொண்டே இருந்தார், இடது காலால் உதைக்கச் சொல்லி. கட்டுப் பிரித்தபோது பையனுக்கு இரண்டு காலும் பழகியிருந்தது.

இதை நான் பலமுறை படித்திருக்கிறேன். இன்று சொல்லும்போது என் குரல் கொஞ்சம் கம்மியது. பூமிக்கு அடியில் வேலை பார்த்துவிட்டு வந்த மனிதர் சோர்ந்து உட்காராமல் பந்தை எடுத்திருக்கிறாரே என்ற நினைப்புதான் காரணம். அப்புறம் மகன் பயிற்சிக்குப் போன நாளெல்லாம் அப்பா கூடவே நின்றாராம், வில்லாவே சொல்லியிருக்கிறார்.

அவருக்குப் பட்டப்பெயர் ‘எல் குவாஹே’. அஸ்தூரியாஸ் பேச்சில் பொடியன் என்று அர்த்தம். சுரங்கத்தில், கரி வெட்டுகிறவருக்கு உதவியாகப் போகும் பையனையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். ஸ்பெயினுக்காக அதிக கோல் அடித்தவரை அந்த நாடு கடைசிவரை அந்தப் பெயரிலேயே கூப்பிட்டது. எனக்கு இது மிகவும் பிடித்த விஷயம்.

மகள் கேட்ட ஒரே கேள்வி: “கட்டு போட்டப்ப அவங்க டாக்டர் திட்டலையா?”

ஜூன் 9, ஞாயிறு

டாக்டரிடம் போனில் கேட்டுக்கொண்டேன். உட்கார்ந்தபடி மற்ற காலை அசைக்கலாம், கட்டுப் போட்ட கால் ஆடாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். கூடத்தில் அவளை நாற்காலியில் உட்கார வைத்து, வலது காலை ஸ்டூலில் தலையணை வைத்துத் தூக்கி வைத்தோம். நான் ஆறடி தள்ளித் தரையில் உட்கார்ந்து ஸ்பஞ்சுப் பந்தை உருட்டிவிட்டேன்.

முதல் பந்தை விரல் நுனியால் தட்டினாள். அது பக்கவாட்டில் ஓடி கிரைண்டரில் மோதியது. இரண்டாவது, மூன்றாவது எல்லாம் அதே கதை. வலது காலில் யோசிக்காமல் செய்வதை இடது காலில் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கிறது. கணுக்காலை இறுக்கு. விரலைக் கீழே மடக்கு. ஷூ லேஸ் கட்டும் இடத்தில் பந்து படட்டும். கண் பந்தின் மேலே இருக்கட்டும், என் முகத்தில் வேண்டாம். இருபது பந்தில் ஆறு நேராக வந்தது. பதினேழாவது பந்து என் உள்ளங்கையில் சப்பென்று வந்து விழுந்த சத்தத்தில் சமையலறையிலிருந்து அவள் அம்மா எட்டிப் பார்த்தாள்.

ஜூன் 12, புதன்

இன்று வேலை அதிகம். படுக்கைக் கதை சுருக்கமாகவே. பக்கத்து நகரத்து ஒவியேதோ அணி, உயரம் போதாது என்று சிறுவன் வில்லாவைச் சேர்த்துக்கொள்ளவில்லை. அதே அஸ்தூரியாஸின் இன்னொரு பெரிய அணி ஸ்போர்ட்டிங் கிஹோன் எடுத்துக்கொண்டது. இரண்டாம் பிரிவில் இரண்டு சீசன் சேர்த்து 38 கோல். கிளப்புக்குப் பண நெருக்கடி வந்ததால் 2003-ல் சரகோசா அணிக்கு விற்றார்கள். அடுத்த வருடமே மன்னர் கோப்பை இறுதியில் ரியல் மாட்ரிட்டை 3-2 என்று சாய்த்தது சரகோசா. அதில் ஒரு கோல் வில்லாவுடையது, பெனால்ட்டி. 2005-ல் வாலென்சியா அணி. போன முதல் சீசனில் லீகில் 25 கோல். அந்த வருடம் அதிகம் அடித்த எட்டோவுக்கு 26. ஒரே ஒரு கோல்!

“உயரம் இல்லேன்னு சொன்னவங்க அப்புறம் என்ன சொன்னாங்க?” என்றாள். நான் எதுவும் சொல்லாமல் சிரித்தேன்.

ஜூன் 15, சனி

ஐரோப்பிய நாடுகளின் கால்பந்துக் கோப்பை, யூரோ, தொடங்கிவிட்டது. இரவு ஒன்பதரைக்கு ஸ்பெயின் – குரோஷியா. கட்டுக்காலை என் மடிமேல் போட்டுக்கொண்டு பார்த்தாள். ஸ்பெயின் 3-0. பதினாறு வயது யமாலைக் கண்டதும் அவளுக்குக் கண் விரிந்தது.

எனக்கோ 2008 ஜூன் 10 ஞாபகம். இதே ஒன்பதரை மணி, இன்ஸ்ப்ரூக்கில் ரஷ்யாவோடு ஆட்டம். முதல் கோலுக்கு, கூட ஆடிய டோரஸ் தானே அடிக்காமல் பந்தைக் குறுக்கே தள்ளிவிட்டார், வில்லா முடித்தார். அன்று மொத்தம் மூன்று. நான்கு நாள் கழித்து ஸ்வீடனோடு 1-1 என்று முடியப்போகிற நேரம், பின்னாலிருந்து வந்த நீளப் பந்தைப் பிடித்துக் கடைசி நிமிடத்தில் ஒன்று. அந்த யூரோவில் அதிக கோல் அவருடையதுதான், நான்கு. ஆனால் அரையிறுதியில் தொடையில் அடிபட்டு, ஜெர்மனியை வென்ற இறுதி ஆட்டத்தை வெளியே உட்கார்ந்து பார்த்தார். நான் அவருக்காகவே பார்க்கத் தொடங்கியது அந்த ஜூனிலிருந்துதான்.

ஜூன் 22, சனி

இன்று முழுக்க 2010 உலகக் கோப்பை. வில்லாவின் ஐந்து கோல்களையும் ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டுக் காட்டினேன். மகள் நீல ஸ்கெட்ச் பேனாவை எடுத்துக்கொண்டாள். வலது காலில் அடித்தால் மாவுக்கட்டின் மேல் ‘வ’, இடது என்றால் ‘இ’.

முதல் ஆட்டத்தில் சுவிட்சர்லாந்திடம் தோற்றுப்போன அணி அது. அடுத்தது ஹோண்டுராஸ். இடப்பக்கம் பந்தை வாங்கி, இரண்டு பேருக்கு நடுவில் நுழைந்து, மூன்றாமவரையும் தாண்டி, சரிந்து விழுந்துகொண்டே வலையின் மேல் மூலைக்கு அனுப்பினார். அதைப் பத்துத் தடவையாவது திரும்பப் போடச் சொன்னாள். ‘வ’. இரண்டாவதும் ‘வ’. அதே ஆட்டத்தில் பெனால்ட்டியை வெளியே அடித்ததையும் மறைக்காமல் காட்டினேன்.

சிலி ஆட்டத்தில் கோல்கீப்பர் பிராவோ முன்னேறி ஓடி வந்து பந்தை உதைத்துவிட, அது நேராக வில்லாவிடம் வந்தது. சுமார் 40 மீட்டர் தூரம். நிறுத்தவில்லை, வலது காலுக்கு மாற்றவில்லை. வந்த பந்தை இடது காலால் அப்படியே வளைத்து விட்டார். காலி வலைக்குள் உருண்டு போய் விழுந்தது. மாற்றிக்கொள்ள ஒரு நொடி எடுத்திருந்தால் யாராவது குறுக்கே வந்திருப்பார்கள். துயில்லாவில் ஒரு அப்பா தூக்கிப் போட்ட பந்துகள் அந்த ஒரு நொடியை மிச்சம் பிடித்துக் கொடுத்திருக்கின்றன. மகள் பெரிதாக ‘இ’ போட்டு வட்டமிட்டாள்.

போர்ச்சுகல் கோலில்தான் எங்களுக்குள் சண்டை. ஸ்பெயினின் ஷாவி குதிகாலால் பந்தைத் தள்ளிவிட்டார். வில்லா முதலில் இடது காலால் அடித்தார், கோல்கீப்பர் தடுத்தார், திரும்பி வந்த பந்தை வலது காலால் மேலே தூக்கிவிட்டார். நான் ‘வ’ என்றேன். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. “இடது கால் அடிக்கலேன்னா பந்து திரும்பி வந்திருக்குமா?” சரி, ‘இ+வ’.

பராகுவே: ஸ்பெயினின் பெத்ரோ அடித்தது கம்பத்தில் பட்டுத் திரும்பியது. வில்லா அடித்தது ஒரு கம்பத்தில் பட்டு, எதிர்க் கம்பத்திலும் பட்டு, அப்புறம் உள்ளே. ‘வ’.

கோப்பை வென்ற ஸ்பெயின் ஏழு ஆட்டத்தில் அடித்தது மொத்தமே எட்டு கோல். ஐந்து வில்லாவுடையது. எல்லாரும் இறுதி ஆட்டத்து இனியெஸ்டா கோலைப் பேசுகிறார்கள், பேசட்டும், அது அப்படிப்பட்ட கோல்தான். ஆனால் ஹோண்டுராஸிலிருந்து பராகுவே வரை அந்த அணியைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தவர் பெயரை முதலில் சொல்ல வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

ஜூன் 27, வியாழன்

“யாரு அதிகம்?” என்பதுதான் இப்போது வீட்டில் தினசரிக் கேள்வி. சொன்னேன். ஸ்பெயினுக்காக முன்பு அதிகம் அடித்திருந்தவர் ராவுல், 102 ஆட்டத்தில் 44 கோல். 2010 அக்டோபரில் ஸ்காட்லாந்தின் ஹாம்ப்டன் பார்க்கில் வில்லா அதைச் சமன் செய்தார். 2011 மார்ச் 25, கிரனாடாவில் செக் அணிக்கு எதிராக இரண்டு அடித்துத் தாண்டினார். கடைசிக் கணக்கு 98 ஆட்டம், 59 கோல். இன்றுவரை ஸ்பெயின் ஆண்கள் அணியில் யாரும் அதை எட்டவில்லை.

பழைய பெயர் ஒன்றையும் சொன்னேன்: தெல்மோ சாரா. பில்பாவோவின் அத்லெட்டிக் அணிக்காரர். லீகில் 251 கோல். 2014-ல் மெஸ்ஸி வரும்வரை அறுபது வருடம் அசையாத கணக்கு. ஸ்பெயினுக்காக ஆடியதோ 20 ஆட்டம், அதில் 20 கோல். லீகில் அதிக கோல் அடிக்கும் ஸ்பானியருக்கு அவர் பெயரில் ஒரு விருது கொடுக்கிறார்கள். 2005-06-ல் அதை முதலில் வாங்கியவர் வில்லா.

ஜூலை 2, செவ்வாய்

இந்த இடத்தை எப்படிச் சொல்வது என்று இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருந்தேன்.

பார்சலோனா 40 மில்லியன் யூரோ கொடுத்து அவரை 2010-ல் எடுத்தது. நவம்பரில் ரியல் மாட்ரிட்டை 5-0 என்று வென்றபோது இரண்டு கோல். மறுவருடம் மே 28, வெம்ப்ளியில் சாம்பியன்ஸ் லீக் இறுதி. மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு எதிரான மூன்றாவது கோலை, பெனால்ட்டி பெட்டிக்கு வெளியே நின்று வலது காலால் மேல் மூலைக்கு வளைத்துவிட்டது இவர்தான்.

அதே 2011, டிசம்பர் 15. யோகோஹாமாவில் கிளப் உலகக் கோப்பை அரையிறுதி, எதிரணி அல் சத். கால் தரையில் தப்பாகப் பட்டது. எலும்பு முறிந்தது. இடது கால். முப்பது வயது முடிந்து பன்னிரண்டே நாள்.

மகள் தன் கட்டைப் பார்த்தாள். அப்புறம் தன் இடது காலைப் பார்த்தாள். “அந்தக் காலா?” என்று மட்டும் கேட்டாள். ஆமாம், அந்தக் கால்தான்.

2012 யூரோவுக்கு அவரால் உடம்பைத் தயார்படுத்த முடியவில்லை. ஸ்பெயின் அவர் இல்லாமலே கோப்பையை வென்றது. எட்டு மாதம் கழித்து ஆகஸ்டில் லீகின் முதல் ஆட்டம், ரியல் சோசியெதாதை பார்சலோனா 5-1 என்று வென்றது. மாற்று ஆட்டக்காரராக உள்ளே வந்து ஐந்தாவது கோலை வில்லா அடித்தார். அதை ஓட்டிக் காட்டிய பிறகே தூங்கப் போனாள்.

ஜூலை 5, வெள்ளி

ஸ்பெயின் 2, ஜெர்மனி 1. கூடுதல் நேரத்தின் கடைசியில் மெரினோ தலையால் முட்டினார். தூங்கிக்கொண்டிருந்த அவள் அம்மாவை எங்கள் சத்தம் எழுப்பிவிட்டது. இடது கால் கணக்கு: இருபதுக்குப் பதினான்கு.

ஜூலை 9, செவ்வாய்

மீதிக் கதை. 2013-ல் அத்லெட்டிகோ மாட்ரிட், ஒரே சீசன், லீகில் 13 கோல், லீக் பட்டம். 2014 ஜூன் 23, பிரேசிலின் குரிச்சிபா. ஸ்பெயின் ஏற்கெனவே வெளியேறிவிட்டது. வில்லாவுக்கு அந்த உலகக் கோப்பையில் கிடைத்த ஒரே ஆட்டம், ஆஸ்திரேலியாவோடு. குதிகாலால் ஒரு கோல். மூன்று உலகக் கோப்பையில் அவருக்கு ஒன்பதாவது. ஐம்பத்தேழாவது நிமிடத்தில் வெளியே கூப்பிட்டார்கள். பெஞ்சில் உட்கார்ந்து அழுதார். அன்று நானும் அழுதேன்.

அப்புறம் அமெரிக்காவின் நியூயார்க் சிட்டி அணி. நான்கு சீசனில் 80 கோல், 2016-ல் லீகின் சிறந்த வீரர். 2017 செப்டம்பரில், 35 வயதில், இத்தாலிக்கு எதிராக சில நிமிடங்களுக்கு ஸ்பெயின் சட்டையை மறுபடி போட்டார். கடைசியாக ஜப்பானின் விஸ்ஸல் கோபே, இனியெஸ்டாவோடு. 2020 ஜனவரி 1 அன்று பேரரசர் கோப்பையை வென்ற கையோடு ஓய்வு. மறுவருடம் நம் ஒடிசா எஃப்சி அணியோடு இணைந்தார் என்றதும், “அப்போ இங்க வருவாரா?” என்று எழுந்து உட்கார்ந்தாள்.

ஜூலை 15, திங்கள்

நள்ளிரவு இறுதி ஆட்டம், இங்கிலாந்தை 2-1 என்று வென்று ஸ்பெயின் நான்காவது யூரோ. காலை பத்து மணிக்கு மருத்துவமனை.

கட்டு அறுக்கும் இயந்திரத்தின் சத்தத்துக்கு என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். வெட்டுவதற்கு முன் டாக்டரிடம் ஒன்று கேட்டாள்: எழுத்து இருக்கும் பக்கத்தை உடைக்காமல் தர முடியுமா? அவர் குனிந்து ‘வ வ இ இ+வ வ’ என்று வாசித்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் புரியாமலே, அந்தப் பக்கத்தைச் சுற்றி வெட்டிக் கொடுத்தார்.

உள்ளே இருந்த கால் மெலிந்து, தோல் உரிந்து வெளிறியிருந்தது. இன்னும் சில வாரம் பயிற்சி இருக்கிறது. மெல்ல மெல்ல ஊன்றலாம், உதைக்கக் கூடாது.

மாலையில் சுவரைப் பிடித்துக்கொண்டு கூடத்தில் நின்றாள். நின்றபடி உதைப்பதென்றால் வலது கால் உடம்பைத் தாங்க வேண்டும், அது இன்று வேண்டாம் என்றேன். முகம் சுருங்கியது. சரி என்று நாற்காலியில் போய் உட்கார்ந்து, இடது காலை நீட்டினாள். உருட்டினேன். என் தலைக்கு மேலே போய் பீரோவின் உச்சியில் விழுந்தது.

“அப்பா, எடுத்துப் போடுங்க.”