அப்பாவோட டீசல் அம்பாசிடருக்கு ரெண்டு லிட்டர் இன்ஜின் ஏத்துன அனுபவம்

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன், பழைய இன்ஜினை இறக்கி புதுசை ஏத்துறது எங்களுக்கு நாலே நாள் வேலைதான், ஆனா அதுக்கு முன்னாடியும் பின்னாடியும் இருந்த வேலைக்கு எட்டு மாசம் ஆச்சு. யாராவது இதே மாதிரி பண்ணலாம்னு நினைச்சா அந்த எட்டு மாசத்தை பத்தி தெரிஞ்சுக்கட்டும்னுதான் எழுதுறேன்.

எங்க வண்டி 1992 மாடல் டீசல் அம்பாசிடர், வெள்ளை, அப்பா ரெண்டாவது ஓனரா வாங்குனது. வீடு சேலத்துல அஸ்தம்பட்டி பக்கம், ஏற்காட்டுல நாகலூர் போற வழியில ரெண்டரை ஏக்கர் காபியும் மிளகும் இருக்கு. அதனால வாரத்துக்கு ஒரு தடவையாவது மலை ஏறி இறங்கணும், உரமூட்டை, மோட்டார், ஆளுங்க எல்லாமே இந்த வண்டியிலதான் போகும். அந்த பழைய டீசல் இன்ஜின் 1489 சிசி, மோரிஸ் காலத்து பிஎம்சி டிசைன், மொத்தமே 37 குதிரை சக்தி. தரையில அது பாட்டுக்கு போகும், குறையே சொல்ல முடியாது. ஆனா சேலம் கடல் மட்டத்துல இருந்து 300 மீட்டர்கூட கிடையாது, ஏற்காடு 1500 மீட்டருக்கு மேல, அதுக்கு நடுவுல 20 கொண்டை ஊசி வளைவு. அடிவாரம் செக்போஸ்ட் தாண்டுனதும் ரெண்டாவது கியர், வளைவுல ஒண்ணாவது, 40 அடி பாலத்துக்கிட்ட நிறுத்தி பானெட்டை தூக்கிவிட்டு கொஞ்ச நேரம் ஆறவிட்டு, 60 அடி பாலத்துல திரும்ப ஒரு தடவை. பின்னாடி பஸ் வந்தா ஒதுங்க இடம் இல்லாம அப்பா தவிக்கறத பாக்கவே கஷ்டமா இருக்கும்.

மேல போகப்போக காத்து வேற மெலிசாயிடும், 1500 மீட்டர்ல சேலத்துல இருக்குறதவிட 10 சதவீதத்துக்கு மேல கம்மி, டர்போ இல்லாத இன்ஜினுக்கு அந்த அளவு சக்தியும் போயிடும், டீசல் மட்டும் அதே அளவு போய்ட்டே இருக்கும் அதனாலதான் மேல போனதும் கருப்பு புகை. தேஞ்ச சிலிண்டரை கடைஞ்சு பெரிசாக்குற போர் வேலையும் ரெண்டு தடவை பண்ணியாச்சு, மூணாவது தடவைக்கு பிளாக்குல இடம் இல்லனு லேத்துல சொல்லிட்டாங்க. வண்டியை குடுத்துட்டு வேற வாங்கலாம்னு வீட்ல எல்லாரும் சொன்னாங்க. அப்பா ஒண்ணும் சொல்லல, ஆனா அன்னிக்கு சாயங்காலம் வண்டியை அவரே கழுவி துடைச்சாரு. அதுக்கு மேல நானும் அந்த பேச்சை எடுக்கல.

எந்த இன்ஜின் போடறதுங்கறதுல ஆளுக்கு ஒண்ணு சொன்னாங்க. ஜீப் இன்ஜின் போடு, குவாலிஸ் இன்ஜின் போடு, அது 2446 சிசி, பறக்கும்னாங்க. பறக்கும்தான், ஆனா அந்த எடையை அம்பாசிடர் முன்பக்கம் தாங்கணும், ஆர்சில ஏறணும், ரெண்டும் கஷ்டம். எங்க மேஸ்திரி, சேலத்துல குகைங்கற ஏரியாவுல 40 வருஷமா பட்டறை வச்சிருக்கவர், ஒரே வார்த்தைல முடிச்சுட்டார், "தம்பி, கம்பெனிக்காரனே இதே வண்டியில இசுசு டீசல் போட்டு வித்தான், அதை விட்டுட்டு எதுக்கு வேற தேடறீங்க?" அவர் சொன்னது சரி. 1995 சிசி இசுசு டீசல், அதே கம்பெனியோட கான்டெஸ்ஸா கார்லயும் வந்துச்சு, பின்னாடி வந்த அம்பாசிடர்லயும் வந்துச்சு, 50 குதிரை சக்திக்கு மேல, கூடவே 5 கியர் பெட்டி. 37ல இருந்து 50ங்கறது பேப்பர்ல சின்னதா தெரியும், மலையில அது ரொம்ப பெரிய வித்தியாசம்.

இப்ப பேப்பர் வேலை. இன்ஜினை மாத்திட்டு அப்புறம் ஆர்டிஓ ஆபீஸ் போய்க்கலாம்னு நிறைய பேர் சொல்வாங்க, தயவுசெஞ்சு அப்படி பண்ணாதீங்க. 1988 மோட்டார் வாகன சட்டம் 52வது பிரிவுபடி முன்கூட்டியே அனுமதி வாங்கணும், மாத்துனதுக்கப்புறம் 14 நாளைக்குள்ள ஆர்சியோட போய் சொல்லணும். இல்லனா ஆர்சில ஒரு இன்ஜின் நம்பர் வண்டியில ஒரு நம்பர், நாளைக்கு ஒரு ஆக்சிடென்ட் ஆச்சுன்னா இன்சூரன்ஸ்காரன் அந்த நம்பரை வச்சே கைய விரிச்சிடுவான். நான் கோயமுத்தூர் உக்கடத்துல பழைய இரும்பு கடைங்க பக்கம் நாலு தடவை அலைஞ்சு, ஆக்சிடென்ட் ஆன ஒரு அம்பாசிடரோட இன்ஜினும் கியர் பெட்டியும் சேத்து 62,000 ரூபாய்க்கு பிடிச்சேன். பில் வாங்குனேன், அது போதும்னு நினைச்சேன், போதல. அந்த இன்ஜின் இருந்த வண்டியோட ஆர்சி கேன்சல் ஆன ஆர்டர் காபி வேணும், அது திருட்டு வண்டி இல்லனு போலீஸ் ரெக்கார்டுல பாத்து வாங்குன சர்டிபிகேட் வேணும்னு திருப்பி அனுப்பிட்டாங்க. ஒரு கவுன்டர்ல கேட்டா அடுத்த கவுன்டர், அங்க போனா சார் ஃபீல்டுக்கு போயிருக்காரு, இப்படியே ரெண்டு மாசம். எனக்கு கோவம் அவங்க காகிதம் கேட்டதுல இல்ல, கேட்டது நியாயமான காகிதம்தான், அத்தனையும் முதல் நாளே ஒரு துண்டு சீட்டுல எழுதி குடுத்திருந்தா நான் ஆறு நாள் லீவு போட்டிருக்க வேண்டாம்.

அந்த ரெண்டு மாசமும் இன்ஜின் தார்ப்பாய் சுத்தி பட்டறையில கிடந்துச்சு, அதுவும் ஒரு வகைல நல்லதா போச்சு. வாங்கும்போது கடைக்காரர் தரையிலயே பேட்டரி வச்சு கேன்ல டீசல் குடுத்து ஸ்டார்ட் பண்ணி காட்டுனாரு, ஆயில் மூடியை திறந்து கைய வச்சு பாத்தேன், புகை அடிக்கல, "ஹெட்டே திறக்காத இன்ஜின் தம்பி"னு சொன்னாரு. மேஸ்திரி நம்பல. ஹீட்டர் பிளக் ஓட்டை வழியா சிலிண்டருக்குள்ள அழுத்தத்தை காட்டுற கம்ப்ரஷன் கேஜ் மாட்டி பாத்தா மூணு சிலிண்டர் 400 psi பக்கத்துல நிக்குது, மூணாவது மட்டும் 310. சிலிண்டருங்களுக்கு மேல மூடி மாதிரி இருக்குற ஹெட்டை கழட்டுனோம். ஏற்கனவே திறந்த ஹெட்தான், போல்ட்டுல ஸ்பானர் பட்ட தழும்பு இருந்துச்சு, கேஸ்கெட்ல ரெண்டுக்கும் மூணுக்கும் நடுவுல எரிஞ்ச கோடு. ஹெட்டை கொண்டலாம்பட்டி பக்கம் லாரி ஹெட் வேலை பாக்குற லேத்துக்கு கொண்டுபோய் பிரஷர் டெஸ்ட் போட்டா, ரெண்டு வால்வுக்கு நடுவுல தலைமுடி அளவுக்கு ஒரு விரிசல், அதுல இருந்து குட்டி குட்டியா குமிழ் வருது. நான் குனிஞ்சு பாத்துட்டே இருந்தேன், அப்படியே மாட்டியிருந்தா முதல் மலை ஏத்தத்துலயே தண்ணி சிலிண்டருக்குள்ள போயிருக்கும். கடைக்காரர்கிட்ட திரும்ப போனேன், பணம் தர மாட்டேன்னுட்டாரு, வேற ஹெட் பாதி விலைக்கு குடுத்தாரு, அதையும் டெஸ்ட் போட்டுட்டுதான் எடுத்தேன்.

இன்னொண்ணு, இந்த இசுசுல டைமிங் பெல்ட். அது ஓடும்போது அறுந்தா வால்வு பிஸ்டன்ல இடிச்சு இன்ஜினே போயிடும். பழைய பெல்ட் பாக்க நல்லாத்தான் இருந்துச்சு, இருந்தாலும் பெல்ட்டு, டென்ஷனர் ரெண்டையும் மாத்திட்டுதான் மூடினோம். டீசல் பம்பை காலிபரேஷன் குடுத்து வாங்கி, மாட்டும்போது பின்னாடி இருக்குற நடு போல்ட்டை கழட்டி டயல் கேஜ் வச்சு பிளஞ்சர் எவ்வளவு தள்ளுதுனு பாத்து டைமிங் வச்சாரு மேஸ்திரி, முள்ளு ஒரு கோடு நகந்தாக்கூட திரும்ப லூஸ் பண்ணி திரும்ப வச்சாரு.

அனுமதி வந்ததும் நாலு நாள்ல ஏத்திட்டோம். மவுண்டிங்குக்கு முதல்ல அட்டையை வெட்டி வச்சு பாத்து, அப்புறம் அதே அளவுல பிளேட் வெட்டுனாங்க. கியர் பெட்டி நீளம் ஜாஸ்தி அதனால பின் சக்கரத்துக்கு சுழற்சியை கொண்டுபோற ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டை குறைச்சு பேலன்ஸ் பண்ணனும், சேலம் லாரி ஊருங்கறதால அதுக்கு அலைய வேண்டியதில்ல. முன்பக்கம் கொஞ்சம் இறங்குச்சு, முன்பக்கம் ஸ்ப்ரிங் மாதிரி வேலை செய்யற டார்ஷன் பாரை முறுக்கி உயரத்தை சரி பண்ணோம். கஷ்டமா இருந்தது ஒண்ணுதான், எங்க வண்டி ஸ்டியரிங் பக்கத்துல இருக்குற கை கியர், இந்த பெட்டிக்கு கீழ் கியர், தரையில ஓட்டை போட்டாகணும். அப்பா பக்கத்துல நின்னு கட்டர் ஓடறத பாத்துட்டு இருந்தாரு. "இனிமே முன்னாடி மூணு பேர் உக்கார முடியாதில்ல?"னு மட்டும் கேட்டாரு. அம்மா, நான், அப்பா மூணு பேரும் முன்சீட்ல உக்காந்து மே மாச மலர் கண்காட்சிக்கு போவோம், அதை நினைச்சிருப்பாரு. கழட்டுன கை கியர் ராடை துடைச்சு வீட்டுக்கு எடுத்துட்டு வந்துட்டேன்.

முதல் ஸ்டார்ட் லேசுல வரல, டீசல் லைன்ல காத்து. நாசில் பைப் நட்டுங்களை லூஸ் பண்ணி விட்டு சுத்த சுத்த, நுரை நுரையா வந்து அப்புறம் சுத்தமான டீசல் பீச்சி அடிச்சதும் ஒவ்வொண்ணா டைட் பண்ணி, நாலாவது நட்டு டைட் ஆகறதுக்குள்ளயே இன்ஜின் பிடிச்சுக்கிச்சு. அந்த சத்தத்தை கேட்டப்போ எனக்கு கண்ணு கலங்கிடுச்சு.

ஆனா மலை ஏறுனா ஒன்பதாவது வளைவுக்கு மேல டெம்பரேச்சர் முள்ளு ஏறுது! சக்தி இருக்கு, மூணாவது கியர்ல இழுக்குது, ஆனா சூடு. ரேடியேட்டரை பெரிசு பண்ணோம், மூணு வரிசை கோர். தெர்மோஸ்டாட் புதுசு. வாட்டர் பம்ப் புதுசு. ரேடியேட்டர் மூடி ரப்பர் போயிருந்துச்சு அதையும் மாத்துனோம், இது முக்கியம், ஏற்காடு உயரத்துல தண்ணி 95 டிகிரிலயே கொதிச்சிடும், மூடி பிரஷரை பிடிச்சு வச்சாதான் கொதிக்காம தாங்கும். இவ்வளவும் பண்ணி 20,000 செலவாகியும் பதினொண்ணாவது வளைவுல அதே கதை. ஹெட் திரும்ப போச்சோனு எனக்கு தூக்கமே வரல.

மேஸ்திரி ஒரு நாள் காலைல டீ குடிச்சிட்டு இருந்தவரு பேப்பர்ல இருந்து ஒரு தாளை கிழிச்சு, இன்ஜின் ஓடும்போது முன்னாடி ரேடியேட்டர்கிட்ட கொண்டுபோய் வச்சாரு. விசிறி இழுத்தா தாள் அப்படியே ஒட்டிக்கணும். நடுவுல மட்டும் லேசா ஒட்டுச்சு, மேல் மூலையில வச்சா நழுவி விழுது, கீழ் மூலையிலயும் அப்படியே. இன்ஜின் பழையதைவிட கொஞ்சம் பின்னாடி தள்ளி உக்காந்திருக்கு, விசிறிக்கும் ரேடியேட்டருக்கும் நடுவுல ஒரு ஜாண் இடைவெளி, விசிறி ரேடியேட்டர் வழியா காத்தை இழுக்காம சுத்தி இருக்குற சூட்டு காத்தையே இழுத்துட்டு இருந்திருக்கு. தரையில வண்டி வேகத்துல காத்து தானா வந்துடும், மலையில 20 கிலோமீட்டர் வேகத்துல விசிறிய விட்டா வேற வழியே இல்ல. டிங்கர்கிட்ட குடுத்து தகரத்துல விசிறிக்கு ஒரு கூண்டு அடிச்சு ரேடியேட்டரோட சேத்து மாட்டுனோம், 900 ரூபாய். தாளை வச்சா நாலு மூலையிலயும் பச்சக்குனு ஒட்டுச்சு. அன்னிக்கே மலை ஏறுனோம், முள்ளு பாதிய தாண்டல. நீங்க பண்ணா ரேடியேட்டர் வாங்கறதுக்கு முன்னாடி இந்த தாளை வச்சு பாருங்க.

பிரேக்கும் சொல்லணும். "ஏறுறத பத்தியே பேசறீங்களே தம்பி, இறங்கறது எப்படி?"னு மேஸ்திரி ஆரம்பத்துலயே கேட்டுட்டாரு. நாலு சக்கரமும் டிரம், மிதிக்கற பலத்தை கூட்டிக் குடுக்குற பூஸ்டர் கிடையாது. பின்னாடி வந்த அம்பாசிடர்ல இருந்து முன் டிஸ்க் செட்டும் பூஸ்டரும் எடுத்து போட்டோம். டீசல் இன்ஜின்ல பூஸ்டருக்கு வேண்டிய வேக்குவம் தானா வராது, ஆல்டர்நேட்டர் பின்னாடி ஒட்டியிருக்குற பம்ப்தான் குடுக்கணும், அதுக்கு இன்ஜின் ஆயில் போய் வர ரெண்டு பைப் இருக்கு, பழைய ரப்பர் பைப்னா யோசிக்காம மாத்திடுங்க, ஒழுகுனா ஆயிலும் போயிடும் பிரேக்கும் கல்லு மாதிரி ஆயிடும். இறங்கும்போது இப்பவும் ரெண்டாவது கியர்தான், அதுல மாத்தம் இல்ல.

இன்ஸ்பெக்டர் வந்து இன்ஜின் நம்பர் மேல டேப் ஒட்டி பென்சில் தேச்சு எடுத்துட்டு போனாரு, மூணு வாரத்துல புது நம்பரோட ஆர்சி கைக்கு வந்துச்சு, மறுநாளே இன்சூரன்ஸ்லயும் மாத்திட்டேன். மொத்தம் 2 லட்சத்து 15 ஆயிரம் ஆச்சு.

தை மாசம் காபி பழம் பறிக்க ஆளுங்க நாலு பேரு, டிக்கில மூணு உரமூட்டை, அப்பாதான் ஓட்டுனாரு. 40 அடி பாலத்துல நிக்கல, 60 அடி பாலத்துலயும் நிக்கல. வளைவுல கியர் குறைக்கும்போது மட்டும் அவர் இடது கை ஸ்டியரிங்குக்கு பக்கத்துல போய் எதையோ தேடிட்டு அப்புறம் கீழ வரும். 14வது வளைவு வரைக்கும் அப்படித்தான் இருந்துச்சு, அதுக்கு மேல நேரா கீழயே போச்சு. மேல ஏற்காட்டுல ஒண்டிக்கடைங்கற இடத்துல நிறுத்தி டீ வாங்கி குடுத்தேன், அவர் டம்ளரை கையில வச்சுக்கிட்டே பானெட்டை தூக்கி பாத்துட்டு மூடுனாரு.

80க்கு மேல போனா ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்ல லேசா ஒரு அதிர்வு இன்னும் இருக்கு. அடுத்த வாரம் பட்டறையில விடறேன்.