உறையில் வெட்டிய 5

பழக்கதோஷம். கை முதலில் 5 என்று எழுதிவிட்டது. அதை வெட்டி, பக்கத்தில் 14 என்று போட்டேன். மலேரியாக் குளிசை போட்டுக் கொடுக்கும் அந்தச் சின்னக் கடதாசி உறையை ஐயா வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"முந்தி அஞ்சு நாளைக்குத்தானே தம்பி தந்தனீங்கள்?"

"ஓம் ஐயா. இப்ப பதினாலு நாள். புதுச் சுற்றுநிருபம்."

"அப்ப முந்தித் தந்தது பிழையோ?"

"அப்ப அது சரி, இப்ப இது சரி" என்றேன். உறையை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

தமிழ்நாட்டு முகாமிலிருந்து திரும்பியவர், வைவாக்ஸ் என்ற வகை மலேரியா. ஆனால் அவர் கேட்டது தனக்காக இல்லை. 95 இல் யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து கிளிநொச்சிக்குப் போன இடத்தில் மனைவிக்கு மூன்று தரம் காய்ச்சல் வந்ததையும், ஒவ்வொரு தரமும் அவ குளிசையை முழுக்கக் குடித்ததையும் வாட்டில் சொல்லியிருந்தார். அது நினைவிருந்தும்தான் அப்படிச் சொன்னேன்.

குளோரோகுயின் இரத்தத்தில் உள்ள கிருமியைக் கொல்லும். ஈரலில் ஒளித்திருப்பது மாதங்கள் கழித்து எழும்பும், அதற்குத்தான் பிறிமாகுயின். அதை 5 நாள் கொடுப்பதும் கொடுக்காமல் விடுவதும் கிட்டத்தட்ட ஒன்றுதான் என்று ஆய்வுகள் காட்டிவிட்டன.

ஐந்து நாள் என்று தீர்மானித்தது நான் இல்லை. காய்ச்சல் விட்டதும் சனம் குளிசையை நிறுத்திவிடும் என்பது பொய்யா? ஜி6பிடி என்ற நொதியக் குறைபாடு உள்ளவர்களுக்கு அந்த மருந்தால் இரத்தம் உடையும் என்ற பயம் பொய்யா? அந்த அம்மாவுக்கு வந்தது மூன்று தரமும் புது நுளம்புக் கடியாகவே இருந்திருக்கலாம். கிளிநொச்சியில் அப்போது நுளம்புக்கா பஞ்சம்!

சரி, இதெல்லாம் பிறகு தேடி எடுத்த காரணங்கள். அந்தக் காலத்தில் இதில் ஒன்றும் எனக்குத் தெரியாது. கடிதத்தில் 5 என்று இருந்தது, எண்ணிக் கொடுத்தேன். அது 14 ஆனபோதும் ஏன் என்று கேட்கவில்லை.

2016 செப்ரெம்பரில் இலங்கைக்கு மலேரியா இல்லாத நாடு என்று சான்றிதழ் கிடைத்தபோது நாங்களும் கேக் வெட்டினோம். சிகிச்சை முறைகள் காலத்துக்குக் காலம் மேம்படுத்தப்பட்டதாக ஒருவர் பேசினார். நான் சொன்ன பதிலேதான், கொஞ்சம் நல்ல தமிழில். கைதட்டினேன்.

'ஓம் ஐயா, அது போதாமல் இருந்தது' என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் இந்தப் பதினாலு நாளையும் நம்பிக் குடித்திருப்பாரா?

பதினைந்தாம் நாள் வெறும் உறையோடு வந்தார். மேசையில் வைத்து, வெட்டியிருந்த 5 தெரிகிற பக்கத்தை என் பக்கம் திருப்பினார். "முடிச்சிட்டன் தம்பி" என்றார்.

வேறொன்றும் கேட்கவில்லை. நானும் தொடங்கவில்லை.